வியாழன் மஃரிபுக்குப் பிறகு

மாத்தளைப் பக்கம் பலாபத்வலையில் கண்டி றோட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓர் ஓட்டு வீட்டில், ஆளில்லாத கட்டிலுக்கு எதிரே ஒரு மேசை. மேசைமேல் மூன்று கண்ணாடித் தகடுகள். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு ஒரு தடவை, வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை, பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை என்று ஜுனைதா அந்தத் தகடுகளுக்கு நாளைக்கு மூன்று வேளை முகம் காட்டினாள். புருஷனுக்குக் காட்ட வேண்டிய முகம்தான். என்ன செய்வது, கட்டிலுக்கு உரியவன் ஜப்பானில் இருந்தான்.

கல்யாணமாகி இருபத்தாறாம் நாள் ஸக்கரியா விமானம் ஏறினான். முதுமாணிப் படிப்பு, இரண்டு வருடம், இரண்டாயிரத்து எட்டு மார்ச்சில் வந்து நிற்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான். இருபத்தாறு நாளில் ஒரு மனிதனைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? பிளேன்டீக்குச் சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பான். செருப்பில் ஒன்றை எப்போதும் குப்புறக் கழற்றுவான். தூக்கத்தில் சிங்களத்தில் பேசுவான். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டாள் அவள். சில நாள் தானே ஒரு செருப்பைக் குப்புறப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது அவள் செருப்பாகத்தான் கிடந்தது.

ஸக்கரியா அங்கே செய்த ஆராய்ச்சியைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். பெப்டைட் என்று ஒரு பொருள். நம் தசையும் தோலும் எதனால் ஆனதோ அதன் துண்டு துணுக்கு. அதைக் கரைத்துக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசுவார்கள். அடியில் இரண்டு சீப்பைப் பல்லோடு பல் கோத்த மாதிரித் தங்கக் கோடுகள். காய்ந்த காற்றில் அது சும்மா கிடக்கும். காற்றில் ஈரம் ஏறினால் நீர் படலத்துக்குள் வந்து வரிசை கட்டும். அந்த வரிசை வழியே புரோத்தன்கள் கை மாறிப் போக, மின்சாரம் ஓடும். உடம்போடு ஒத்துப்போகிற கருவிகளை ஒரு நாள் இதைக்கொண்டு செய்யலாமாம். பள்ளிவாசலுக்குக் கொங்கிரீட் போட்ட அன்று வரிசையாக நின்று கலவைத் தாச்சியைக் கை மாற்றினோமே, அதேதான், ஆள் நகரமாட்டான், தாச்சி மட்டும் போகும் என்று போவதற்கு முன் அவளுக்கு விளக்கினான். இங்கே ஆளையே அல்லவா கொண்டுபோகிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

ஆய்வுகூடத்தில் ஈரத்தைப் பெட்டிக்குள் அளந்துதான் விடுவார்கள். அசல் காற்றில், ஏறி இறங்கி அல்லாடுகிற ஈரத்தில், இந்தப் படலம் தாக்குப்பிடிக்குமா என்று அவனுடைய புரபெஸருக்குச் சந்தேகம். அப்போது ஸக்கரியா வாயைக் கொடுத்தான்: எங்கள் ஊரில் விடியும்போது தொண்ணூறு, பகலில் அறுபது, ஈரமானி வாசிக்கத் தெரிந்த ஆளும் வீட்டில் இருக்கிறாள். உண்மைதான். ஜுனைதா மாத்தளையில் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். பிள்ளைகள் உடைக்கிற சோதனைக் குழாய்களுக்குப் பதில் சொல்வதே அவள் உத்தியோகம். ஆனால் அளவு என்று வந்துவிட்டால் மில்லிமீற்றர் பிசகமாட்டாள்.

இரண்டாயிரத்து ஏழு மே மாதம் பார்சல் வந்தது. காலமோ சண்டை நடந்த கெட்ட காலம். பற்றரி, வயர், மீட்டர் எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டி, தமிழ் பேசுகிற ஒரு பெண்ணின் பேருக்கு. தபால் கந்தோரில் பொலிஸ்காரர் ஒருவர் அதைத் தள்ளி நின்றே பார்த்தார். காற்றின் ஈரம் பார்க்கிற சாமான் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். அதற்குக் கொடியில் காய்கிற உடுப்பைத் தொட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டார் அவர். பாடசாலை அதிபரின் கடிதம், கிராம சேவகரின் கடிதம் என்று ஒன்பது நாள் அலைந்த பிறகுதான் பெட்டி கைக்கு வந்தது. தகடுகளை ஸக்கரியாவின் மேசையில் வைத்தாள். அறைக்குள் அவனுடைய கையால் செய்த ஏதோ ஒன்று வந்துவிட்டதில் அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வீட்டில் அவளும் மாமி கைறுன்னிஸாவும்தான். மாமிக்குப் பிள்ளை ஒன்றே ஒன்று, அதுவும் கடல் கடந்து கிடந்தது. இரண்டு பெண்கள் ஒரே ஆளை நினைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் சமைத்தார்கள். அவன் பேரை இருவரும் வாயால் எடுப்பது குறைவு. எடுத்தால் இரண்டு பேரும் அழுது தீர்க்க வேண்டிவரும் என்று இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, அந்தக் கிழமையின் அளவுகளை எடுத்துக்கொண்டு ஜுனைதா சந்தியில் இருக்கிற ஜவாஹிர் நானாவின் கொமினிகேஷன் கடைக்கு ஈமெயில் போடப் போவாள். வீட்டுக்கு ரெலிபோன் லைன் இன்னும் வரவில்லை. கொம்பியூட்டரோ றோட்டைப் பார்த்தபடி இருந்தது. பழம் வாங்க வருகிறவன், பஸ்ஸுக்கு நிற்கிறவன் எல்லாரும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பான். அந்த இடத்தில் புருஷனுக்கு என்னத்தை எழுதுவது? இலக்கங்களைத்தான் எழுதினாள். திங்கள் சுபஹு, ஈரம் எண்பத்தெட்டு, மீட்டர் ஐம்பத்திரண்டு. கடைசியில் உம்மா சுகம், நானும் சுகம். அவ்வளவுதான். உங்கள் தலையணையைத் துவைக்கவில்லை என்று எழுத அவளுக்கு ஆசை. பஸ்ஸுக்கு நிற்கிறவன் அதை வாசிக்கவா?

முதல் வியாழனே அந்தப் புதினம் தொடங்கியது. மஃரிபு நேரத்தில் ஈரம் எழுபத்தைந்து இருந்தால் மீட்டர் நாற்பது, நாற்பத்திரண்டு காட்டும். அந்த வியாழன் நூற்றுப் பத்து காட்டியது. ஈரம் அதே எழுபத்தைந்து. வயரைக் கழற்றிப் பூட்டினாள். நூற்றுப் பத்துத்தான். வெள்ளி, சனி என்று மெல்ல இறங்கி, திங்களுக்குப் பழையபடி நாற்பது. அடுத்த வியாழன் மறுபடி நூற்றுப் பதினெட்டு. அவள் கொப்பியில் குறிப்பு என்று ஒரு நிரல் இருந்தது. மழை, இடி, மின்வெட்டு, மேசையில் பல்லி ஓடியது, வீட்டுக்கு மேலால் ஹெலிகொப்டர் போனது என்று ஒன்று விடாமல் எழுதிவைப்பவள் அவள். வியாழக்கிழமைக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றுமில்லை என்றே எழுதினாள்.

ஜூலையில் ஸக்கரியா எழுதியிருந்தான். புரபெஸர் துள்ளிக் குதிக்கிறாராம். ஈரம் கூடாமலே மின்கடத்தல் மும்மடங்கு ஏறுவதை இதுவரை யாரும் காணவில்லையாம். படலம் தானாகப் பழகிக்கொள்கிறதோ என்று ஒரு யோசனை. இது உறுதியானால் முதுமாணியோடு விடமாட்டார், கலாநிதிப் பட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம் வைத்துக்கொள்வார். உம்மாவைத் தனியே விட்டு நீங்கள் வர ஏலாதுதானே என்றும் அவனே எழுதியிருந்தான். சோதித்துப் பார்க்க ஒரு தகட்டைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தான்.

மூன்று வருடம். அவள் அந்தச் சொல்லை ஜவாஹிர் நானாவின் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் நின்றவர் நேரம் போகிறது தங்கச்சி என்றார். வீட்டுக்கு வந்து, இரண்டாம் தகட்டைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் போட்டு, மறுநாள் தபாலுக்குக் கொடுத்தாள். மாமியிடம் மூன்று வருடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மார்ச் வரைக்கும் எண்ணிவைத்திருந்த நாட்கள் அவளுக்கு அன்றோடு எண்ணிக்கை கெட்டுப்போயின.

ஜூலை கடைசியில் ஒரு வியாழன். நாலந்தாவில் உறவுக்காரப் பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் என்று மாமி காலையிலேயே பஸ் ஏறிப் போயிருந்தார். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, எல்லாரையும் இறக்கி, பைகளைக் கொட்டிக் கிளறி, இரண்டு மணித்தியாலம் நிறுத்திவைத்துவிட்டார்கள். ஜுனைதா மஃரிபு தொழுதுவிட்டு வழக்கம்போல் மேசைக்கு வந்தாள். மீட்டர் நாற்பத்தொன்று. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பற்றரி செத்துப்போச்சோ என்று மாற்றினாள். நாற்பத்தொன்று. சரிதான், மாயம் முடிந்தது, அவர் மார்ச்சில் வந்துவிடுவார் என்று மனம் ஓடியது. ஓடிய வேகத்தில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அப்போதுதான் மாமி வந்து சேர்ந்தார். கால் வீங்கி, முந்தானையெல்லாம் தூசி. வந்ததும் வராததுமாகக் குசினிக்குப் போய், சிரட்டைக் கரியை ஊதிச் சட்டியில் போட்டு, சாம்பிராணியைத் தூவிக்கொண்டு வந்தார். வியாழன் மஃரிபோடு வெள்ளி இரவு பிறந்துவிடும், அதற்கு வீடெல்லாம் சாம்பிராணி பிடிக்க வேண்டும், பிந்தினாலும் பிடிக்க வேண்டும். நபிமேல் ஸலவாத்துச் சொல்லியபடி முதலில் மகனின் அறைக்குத்தான் வந்தார். கட்டிலைச் சுற்றினார். மேசைக்கு முன்னால் சட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். புகை தகடுகளின் மேல் படிந்து போனது.

ஜுனைதாவின் கண்ணெதிரே நாற்பத்தொன்று அறுபதானது. அறுபது எண்பதானது. நூற்றைத் தாண்டியது.

அட, என்ன மண்டை இது! பல்லி ஓடியதை எழுதினவளுக்குச் சாம்பிராணி தெரியாமல் போயிற்றே. பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு வியாழன் மஃரிபுக்கும் மூக்கில் ஏறுகிற மணம். அதை யார் வெளியிலிருந்து வருகிற பொருள் என்று நினைப்பார்கள்? அவளுக்கு அது வியாழக்கிழமையின் காற்று, அவ்வளவுதான். தொழுகைப் பாயில் இருக்கும்போது மாமி வந்து பிடித்துவிட்டுப் போவார். இவள் எழுந்து வந்து அந்தப் புகைக்குள்ளேயே நின்றுகொண்டு, குறிப்பு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆய்வுகூடக்காரி அல்லவா, ஒரு தடவையில் நம்பமாட்டாள். திங்கட்கிழமை பகல் ஒரு தகட்டை பிஸ்கட் ரின்னால் மூடிவைத்துவிட்டு, மற்றதன் முன்னால் தானே சாம்பிராணி போட்டாள். திங்கட்கிழமை என்னத்துக்குப் புள்ள புகை என்று மாமி குசினியிலிருந்து கேட்டார். நுளம்புக்கு என்றாள். மூடின தகடு அசையவில்லை, திறந்த தகடு நூறு தாண்டியது. சாம்பிராணியில் ஓர் அமிலம் உண்டு. பாடசாலைப் புத்தகத்திலேயே இருக்கிறது. அது புகையோடு ஏறிப் படலத்தில் உட்கார்ந்து புரோத்தன்களை வாரி வழங்குகிறது. படலம் பழகவுமில்லை, ஒன்றுமில்லை.

சொல்லிவிட்டால் ஸக்கரியாவின் கண்டுபிடிப்பு போய்விடும், மார்ச்சில் வீட்டில் இருப்பான். அதுதான் அவளைத் தடுத்தது. உண்மையும் அவளுடைய ஆசையும் ஒரே பக்கம் நின்றன. என்னை வரவழைக்கத்தான் இதைத் தோண்டி எடுத்தாளோ என்று அவன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நினைத்துவிட்டால்? ஒவ்வொரு வியாழனும் புகைக்கு நடுவே அவள் முகத்தை அவன் எப்படிப் பார்ப்பான்? இரண்டு சனிக்கிழமை வெறும் இலக்கங்களையே அனுப்பினாள். மூன்றாவது சனிக்கிழமை, அளவு பிசகுவதைப் பொறுக்காத அவளுடைய குணம் வென்றது. எல்லாவற்றையும் எழுதினாள். பின்னால் நின்றவர் வாசித்துவிட்டு, சாம்பிராணி நல்லதுதானே என்று வேறு சொன்னார். அடுத்த சனிக்கிழமை பதில் இல்லை. அந்தக் கிழமை முழுக்க அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் கணக்கில் சேராது.

அதற்கடுத்த சனிக்கிழமை கடைக்குள் கால் வைத்ததும் ஜவாஹிர் நானா கண்ணாடிக் கூண்டைக் காட்டினார். கோல் வந்திருந்தது.

நீங்கள் எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்றான் ஸக்கரியா. அவள் அனுப்பிய தகட்டின் பெட்டியைத் திறந்த நிமிடமே மணம் அடித்ததாம். உம்மா சட்டியோடு வாசலில் நிற்கிற மாதிரி இருந்ததாம். அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

"சொன்னாக் கழுவச் செல்லுவாங்க, ஜுனைதா. கழுவ மனசு வரல்ல. பெட்டிய மூடி லாச்சிக்குள்ள வச்சிட்டேன். மணம் போயிடும்னு நாளைக்கு ஒரு தடவைதான் திறக்கிறேன்."

கூண்டுக்குள் நின்றவளுக்குக் கண் நிறைந்தது. கடை முழுவதும் பார்க்குமே என்று றோட்டுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் அவள் கடிதத்தைத் திறந்ததும் முதலில் வியாழக்கிழமையைத்தான் பார்ப்பானாம். நூறுக்கு மேல் இருந்தால் வீட்டில் எல்லாம் சரி என்று அர்த்தமாம். ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒருவன் தன் தாயின் புகையை ஓர் இலக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான், பாருங்கள்.

அவளுடைய கடிதத்தை எடுத்துக்கொண்டு புரபெஸரிடம் போனானாம். ஏச்சு விழும் என்றுதான் போனான். மனிதர் கைதட்டினாராம். புகையிலிருந்து வருகிற அமிலத்தைப் படலம் வாங்கிக்கொள்கிறது என்றால் அது முன்னதை விடப் பெரிய விஷயமாம், மூன்று வருடம் உறுதியாம். ஒவ்வொரு வியாழனும் எத்தனை கிராம் சாம்பிராணி என்று தராசில் நிறுத்து, அப்படியே தொடரச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அவன் குரலில் சந்தோஷமும் இருந்தது, கூச்சமும் இருந்தது. அவள் சரி என்றாள். வேறு என்ன சொல்வது? உண்மை அவனைக் கொண்டுவரும் என்று பயந்து பயந்து சொன்னாள். அது அவனை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டது.

அன்று வீட்டில் மாமியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மாமி மகனின் கட்டிலில் உட்கார்ந்தார். அந்தக் கட்டிலில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை.

"சாம்பிராணியாலயா நிக்கிறான்?" என்று கேட்டார். "அவன் வந்து சேரணும்னு துஆ கேட்டுக்கேட்டுத்தானே புள்ள நான் இந்த அறைக்கு மொதல்ல போட்டேன்."

ஜுனைதா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அன்றுதான் சேர்ந்து அழுதார்கள். ஒன்றரை வருடத்துப் பாக்கி அது.

வியாழன் வந்தது. நோன்பு தொடங்க ஒரு கிழமை இருந்தது. மஃரிபு தொழுதுவிட்டு ஜுனைதா வந்தபோது மாமி சட்டியோடு அறை வாசலில் நின்றார். கரி கனன்றுகொண்டிருந்தது, சாம்பிராணி இன்னும் தூவவில்லை. போடவா என்று கண்ணால் கேட்டார்.

"வேணாம் மாமி" என்றாள் ஜுனைதா.

மாமி சட்டியை வெளியே கொண்டுபோய்க் கரியில் தண்ணீர் ஊற்றினார். ஜுனைதா அளவெடுத்தாள். ஈரம் எழுபத்தாறு, மீட்டர் நாற்பத்திரண்டு. குறிப்பு நிரலில் எழுதப் பேனை எடுத்தாள். முன்பெல்லாம் சாம்பிராணி இருந்தபோது அதை எழுதத் தோன்றவில்லை. இப்போது இல்லாதபோது எழுதினாள்: இன்று சாம்பிராணி இல்லை. வீடு யாருடைய வீடோ போல இருந்தது.

சனிக்கிழமை அளவுகளை அனுப்பிவிட்டு அவள் கடையை விட்டுப் போகவில்லை. வாங்கில் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சிக்கு இன்னும் ஏதும் வேலையா என்று ஜவாஹிர் நானா கேட்டார். கோல் ஒன்று வரும் என்றாள். அரை மணித்தியாலம் ஆகவில்லை, அடித்தது.

"உம்மாக்கு என்ன?" என்றான் ஸக்கரியா. மூச்சு வாங்கியது. "மறைக்காம செல்லுங்க. வியாழன் என்ன நடந்த?"

உம்மாவுக்கு ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறார் என்றாள். அப்படியென்றால் ஏன் போடவில்லை, உம்மா ஒரு வியாழனும் விட்டதில்லையே, காய்ச்சல் நூற்று மூன்றில் கிடந்த நாளும் விட்டதில்லையே என்று அவன் படபடத்தான். நூறைக் காணாமல் ஆய்வுகூடத்திலிருந்து அப்படியே இறங்கி ரெலிபோனுக்கு வந்தானாம். அடுத்த வியாழன் கட்டாயம் போடச் சொன்னான். புரபெஸருக்காக இல்லை, எனக்காக என்றான்.

ஜுனைதா இந்தத் தடவை முதுகைத் திருப்பவில்லை. றோட்டில் போகிறவன் பார்த்தால் பார்க்கட்டும். இருபத்தாறு நாளும் ஒன்றரை வருடமும் வாயில் வராத ஒன்று இப்போது வந்தது.

"நீங்க வந்து போடுங்க" என்றாள்.

லைன் அறுந்துவிட்டதோ என்று ஜவாஹிர் நானா எட்டிப் பார்த்தார். அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அவன் மூச்சு மட்டும் கேட்டது. வெளியே தம்புள்ளை பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

பிறகு அவன் கேட்டான்.

"சிரட்டைக் கரி ஈக்கா வீட்டுல?"

போட வருகிறவன்தான் கரியைக் கேட்பான். அது அவளுக்கு விளங்கியது. நிறைய இருக்கிறது என்றாள். மார்ச்சுக்குப் போதுமா என்று அவன் மறுபடி கேட்டான்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் சொன்னாள். மாமி வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்து பின்பக்கம் போய், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்த சிரட்டைகளில் நனையாதவையாகப் பார்த்துப் பொறுக்கத் தொடங்கினார்.